தண்டனைக்கு ஒரு முடிவு நாள் வேண்டும்

(சங்கக் கிளையின் தொழிற்கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



குற்றம் செய்தவனைச் சமுதாயம் எப்படி நடத்த வேண்டும் என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். சம்பளமும் போனசும் பேச வேண்டிய இடத்தில் சிறைச்சாலைப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால், தோழர்களே, இது நம் சங்கத்துக்குப் புதிய விஷயமன்று.

ஒரு தொழிலாளி ஒட்டுப்பால் திருடினார் என்று நிர்வாகம் சொல்கிறது. நாளை முதல் வேலை இல்லை என்கிறது. சங்கம் உடனே போய் நிற்கிறது. எதற்காக? திருட்டு நியாயம் என்று வாதாடவா? இல்லை. "குற்றம் இன்னதென்று சொல்லுங்கள், விசாரணை வையுங்கள், அவர் வாயைத் திறந்து பேசட்டும், பிறகு முடிவு செய்யுங்கள்" என்றுதான் கேட்கிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. முறையான விசாரணைக்குப் பிறகே நடத்தைக் கேட்டுக்காக ஒருவரை வேலை நீக்கம் செய்யலாம்.

ஒருவருடைய வேலையைப் பறிக்கவே விசாரணை வேண்டும் என்றால், அவருடைய சுதந்திரத்தைப் பறிக்க எவ்வளவு விசாரணை வேண்டும்? இதை விளங்கிக்கொள்ள, சிங்கப்பூரில் நடந்த இரண்டு வரலாறுகளை உங்கள் முன் வைக்கிறேன். இரண்டிலும் கைதிகளுக்குக் கொடுக்கப்பட்டது கடின உழைப்பு. ஆனால் இரண்டும் ஒரே விதமாக முடியவில்லை.

கைதிகள் கட்டிய நகரம்

1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி சுமத்ராவிலுள்ள பெங்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அங்கே நாடு கடத்தப்பட்டிருந்த இந்தியக் கைதிகளை 1825-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் கைதிகள் வந்தார்கள்.

சிங்கப்பூரின் பழைய சாலைகளில் பல அவர்கள் போட்டவை. சதுப்பு நிலங்களைத் தூர்த்தவர்கள் அவர்கள். 1862-இல் அர்ப்பணிக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் எழுப்பியது. 1869-இல் முடிந்த கவர்னர் மாளிகை, இன்றைய இஸ்தானா, அதுவும் அவர்கள் கைவேலையே. அந்தத் தேவாலயச் சுவரில் பூசியது சென்னைச் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்துப் பூசினார்கள். நம் ஊர்க் கொத்தனார் கைப்பக்குவம்!

அந்தச் சிறையின் நிர்வாகம் எப்படி இருந்தது? கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். புதிதாக வந்தவன் காலில் விலங்கு. ஒழுங்காக இருந்தால் மேல் வகுப்பு; விலங்கு கழலும். இன்னும் மேலே போனால் அவனே மற்றக் கைதிகளுக்குக் காவலன். முதல் வகுப்புக்கு வந்தால் அனுமதிச் சீட்டு கிடைக்கும். வெளியே தங்கித் தானே பிழைத்துக்கொள்ளலாம், குறித்த நாளில் வந்து பெரட்டில் நின்றால் போதும். தவறு செய்தால் கீழ் வகுப்புக்கு இறக்கப்படுவான். விலங்கு மறுபடியும் ஏறும். அந்தச் சிறையை நிர்வகித்த மேக்நேர் என்பவர், 1899-இல் அதைப் பற்றி எழுதிய நூலுக்குக் கைதிகளே தங்கள் காவலர்கள் என்ற பொருளில் தலைப்பு வைத்தார்.

அந்தக் காலத்தைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. மனைவி மக்களைப் பிரித்துக் கடல் கடத்தியது கொடுமை. கூலியில்லாத உழைப்பால் ஆதாயம் அடைந்தது கும்பினி அரசாங்கம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தக் கைதிக்கு நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படி எது என்பது அவனுக்குத் தெரியும். 1873-இல் அந்தச் சிறை கலைக்கப்பட்டபோது, தண்டனை முடியாதவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். விடுதலை பெற்றவர்களில் பலர் மாடு வளர்த்தும் வண்டி ஓட்டியும் சிங்கப்பூரிலேயே குடியும் குடித்தனமுமாக வாழ்ந்தார்கள்.

சுகம் என்று பெயர் கொண்ட தீவு

இனி இரண்டாவது வரலாறு. 1950-களில் சிங்கப்பூரில் இரகசியக் கும்பல்களின் அட்டகாசம் பெருகியிருந்தது. சாட்சி சொல்ல ஆள் வருவதில்லை. ஆகவே 1955-இல் வந்த தற்காலிகக் குற்றவியல் சட்டத்தின் கீழ், கும்பல்காரர் என்று கருதப்பட்டவர்களை நீதிமன்ற விசாரணை இல்லாமலே சாங்கி சிறையில் அடைக்கத் தொடங்கினார்கள். இவர்களைத் திருத்துவது எப்படி என்று ஆராய்ந்த சிறை விசாரணைக் குழுவின் தலைவர் தேவன் நாயர், தொழிற்சங்கத் தலைவர். உழைப்பால் இவர்களைத் திருத்தலாம் என்ற நல்லெண்ணத்தோடு பூலாவ் செனாங் தீவில் 1960-இல் ஒரு குடியிருப்பு தொடங்கப்பட்டது. செனாங் என்றால் சுகம் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் போனவர்கள் 50 பேர். மேற்பார்வையாளர் டேனியல் டட்டன், உழைப்பின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை உடையவர். தீவில் துப்பாக்கியே வேண்டாம் என்று இருந்தவர். காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், தங்குமிடங்களும் பட்டறைகளும் எழுப்பினார்கள். உலகமே வந்து பார்க்க வேண்டிய சிறை என்று பேசப்பட்டது.

1963 ஜூலையில், படகுத்துறையில் வேலை நேரத்துக்கு மேல் வேலை செய்ய 13 தச்சர்கள் மறுத்தார்கள். அவர்கள் சாங்கிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சாங்கிக்குத் திரும்புவது என்றால் ஏறிய ஏணியிலிருந்து மறுபடியும் அடிக்கு விழுவது. அடுத்த சில நாட்களில், ஜூலை 12 அன்று, தீவில் கலகம் வெடித்தது. டட்டனும் அதிகாரிகள் சிலரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மூன்றாண்டு உழைப்பு ஒரு மணி நேரத்துக்குள் எரிந்து சாம்பலாயிற்று. 1964-இல் வழக்கு முடிந்தபோது 18 பேருக்குத் தூக்கு. 29 பேருக்குச் சிறை. 11 பேர் விடுதலை. அந்த 18 பேரும் 1965 அக்டோபர் 29 அன்று தூக்கிலிடப்பட்டார்கள்.

கொலைக்கு நியாயம் கற்பிக்க முடியாது. நம்பி வந்தவரை வெட்டியது பாதகம். ஆனால் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்காமல் இருக்கவும் முடியாது. தீவில் இருந்தவனின் விடுதலை நாள் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை. அதிகாரிகளின் மதிப்பீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிக நேர வேலை அநியாயம் என்று தோன்றினால், அதை மேலே கொண்டு போக நடுநிலையான ஒரு காது இல்லை. உழைப்பு மனிதனைத் திருத்தும் என்பது உண்மை. ஆனால் முடிவு நாளும் முறையிட வழியும் இல்லாத உழைப்பு மனத்தில் நஞ்சைத்தான் ஊற வைக்கும். தோட்டத்தில் உழைத்த நமக்கு இதை வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தற்காலிகம் என்று 1955-இல் வந்த அந்தச் சட்டம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு, 2024-லும் நீட்டிக்கப்பட்டது.

நம் நாட்டில்

மலேசியாவிலும் 1959-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் உண்டு. 2013-இல் அது திருத்தப்பட்டு, நீதிமன்ற விசாரணையின்றி இரண்டாண்டு வரை ஒருவரை அடைத்து வைக்கவும், அதை மேலும் நீட்டிக்கவும் ஒரு வாரியத்துக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. கும்பலுக்குப் பயந்து சாட்சிகள் வருவதில்லை என்பதே இங்கும் சொல்லப்படும் காரணம். அந்தப் பயம் பொய்யன்று. ஆனால் அதற்கு மருந்து சாட்சியைக் காப்பது. அதற்கென்றே 2009-ஆம் ஆண்டுச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. சில குற்றங்களுக்குத் தூக்குத் தவிர வேறு தண்டனை கொடுக்க நீதிபதிக்கு முன்பு அதிகாரம் இல்லை. 2023-இல் அந்தக் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த ஆயிரம் பேர் அளவில் தங்கள் தண்டனையை மறு ஆய்வு செய்யக் கூட்டரசு நீதிமன்றத்தை நாட வழி திறந்தது. ஒவ்வொரு மனிதனின் கதையையும் நீதிபதி கேட்டு முடிவு செய்யலாம் என்பதே அதன் பொருள்.

தோழர்களே, தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்தின் ஓரத்துக்குப் போன நம் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் கும்பல் வலையில் விழுகிறார்கள் என்பதை மூடி மறைத்துப் பயனில்லை. ஆகவே மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: ஒரு பையன் பிடிபட்டால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்காதீர்கள். கைதான காரணத்தை அறிவதும், வழக்கறிஞரைக் கலந்து பேசுவதும் அவனுடைய உரிமை என்று நம் அரசியலமைப்பின் 5-ஆம் விதி சொல்கிறது. பணம் இல்லாதவர்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். கிராணிமார்கள் படிவம் எழுதிக் கொடுத்தால் அது பெரிய உதவி.

இரண்டு: குற்றம் செய்திருந்தால் தண்டனை வரட்டும். ஆனால் விசாரித்துக் கொடுத்த தண்டனையாக, முடிவு நாள் எழுதிய தண்டனையாக வரட்டும் என்று சங்கத் தீர்மானங்களில் கேளுங்கள். நமக்காகக் கேட்கும் நியாயத்தைப் பிறருக்கு மறுப்பது தொழிற்சங்கத் தருமம் அன்று.

மூன்று: தண்டனை முடிந்து வந்தவனைச் "சிறைக்காரன்" என்று லயத்து வாசலிலேயே நிறுத்தாதீர்கள். நீதிமன்றம் கொடுத்த தண்டனைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. அண்டை வீட்டார் கொடுக்கும் தண்டனைக்கு முடிவு நாளே இல்லை. பழைய சிங்கப்பூரில் விலங்கு கழன்றவனை நம்பி மாடும் வண்டியும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவன் குடும்பஸ்தன் ஆனான். நம் பிள்ளைக்கு ஓர் உளியும் ஒரு நிரையும் கிடைக்கச் சங்கம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?