கொடி கட்டின வண்டிக்கும் அதே ஃபைன்தான்!

(இளைஞர் பயிற்சி முகாமில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளமான பதிவுதான். வண்டி ஓட்டுற எல்லாத் தோழர்களும் முழுசா படிங்க. படிச்சுட்டுப் பகிருங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "போக்குவரத்து அபராதமும் பொதுமக்களும்". தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில நாலஞ்சு பேர் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வட்டத்துலயும் நம்ம நிர்வாகிகளைக் கேட்டுப் பாருங்க. "அண்ணே, சிக்னல்ல வண்டியைப் புடிச்சுட்டாங்க, எஸ்.ஐ.கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே"ன்னு வர்ற போன் எத்தனைன்னு சொல்லுவாங்க. அந்தப் போனைப் பத்தி கடைசியில பேசுறேன். முதல்ல கணக்கைப் பார்ப்போம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல வந்தது. அதுல பெரிய திருத்தம் 2019-ல பண்ணாங்க. அபராதம் பத்தின பகுதி 2019 செப்டம்பர் 1-ல அமலுக்கு வந்துச்சு. தமிழ்நாட்டுல புதுத் தொகையை 2022 அக்டோபர்லதான் கொண்டுவந்தாங்க. அதுக்கு முன்னாடி ஹெல்மெட் போடலைன்னா 100 ரூபாய், இப்போ 1,000. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா முன்னாடி 500, இப்போ 5,000. இன்சூரன்ஸ் இல்லைன்னா முதல் தடவை 2,000, மறுபடி மாட்டினா 4,000. குடிச்சுட்டு ஓட்டினா 10,000, கூடவே கோர்ட். ஆம்புலன்ஸுக்கு வழி விடலைன்னாலும் 10,000. வேகமாப் போனா கார், பைக் மாதிரி வண்டிகளுக்குச் சட்டம் சொல்ற தொகை 1,000-ல ஆரம்பிச்சு 2,000 வரை. லாரி, பஸ்ஸுக்கு 2,000-ல இருந்து 4,000 வரை.

இந்தத் தொகையை யார் கட்டுறாங்கன்னு யோசிங்க.

உணவு டெலிவரி பண்ற ஒரு தம்பியை எடுத்துக்குவோம். காலையில 11 மணிக்கு வண்டியை எடுத்து ராத்திரி 11 மணி வரை ஓட்டுறார். பெட்ரோல் போக கையில 800 ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்குவோம். ஒரு ஃபைன் 1,000 ரூபாய்னா அவருக்கு ஒன்னேகால் நாள் உழைப்பு போச்சு. அதே சிக்னல்ல பக்கத்துல நிக்கிற 40 லட்ச ரூபாய் கார்க்காரருக்கு அதே ஆயிரம் ஒருவேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு. ரசீதுல ரெண்டு பேருக்கும் ஒரே எண்தான். வலி ஒண்ணா? அந்தத் தம்பி ஏன் வேகமாப் போறாருன்னும் கேக்கணும். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலைன்னா ரேட்டிங் குறையும். வேகமாப் போய் மாட்டினா, அந்த ஃபைனை கம்பெனி கட்டாது.

ஃபின்லாந்து நாட்டுல இதுக்கு வேற வழி வெச்சிருக்காங்க. குறிப்பிட்ட அளவுக்கு மேல வேகமாப் போனா, வண்டி ஓட்டினவரோட வருமானத்தைப் பார்த்துதான் அபராதம் போடுவாங்க. 2023-ல ஆண்டர்ஸ் விக்லோஃப்னு ஒரு கோடீஸ்வரர், 50 கிலோமீட்டர் வேகப் பகுதியில 82-ல போனார். அவருக்கு விழுந்த அபராதம் 1,21,000 யூரோ. நம்ம காசுக்கு ஒரு கோடிக்கு மேல! அங்க ஏழைக்கு வலிக்கிற அளவுக்குப் பணக்காரனுக்கும் வலிக்கணும்னு நினைக்கிறாங்க. நாளைக்கே இங்க அதைக் கொண்டுவர முடியாது. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு வருமானக் கணக்கே காகிதத்துல கிடையாது. ஆனா "எல்லாருக்கும் ஒரே தொகை, அதனால நியாயமான தொகை"ன்னு யாராவது சொன்னா, அப்படி இல்லைன்னு சொல்ல இந்த ஒரு உதாரணம் போதும்.

"அப்போ ஃபைனே வேணாம்னு போராடலாமா தோழர்?"னு கேப்பீங்க. வேணாம். ஏன்னு சொல்றேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் விபத்துக் கணக்கு வெளியிடுது. 2022-ல நாடு முழுக்க சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல வேகத்தால மட்டும் 1,19,904 பேர். ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029 பேர். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில முதலிடம் எந்த மாநிலம்? நம்ம தமிழ்நாடு. 64,105 விபத்து, 17,884 சாவு. ஒரு நாளைக்கு 49 பேர். ஒரு டவுன் பஸ் நிறைய ஆளுங்க, தினமும்.

வேகத்தைப் பத்தி ஒரு சின்னக் கணக்கு. இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது உதவட்டும். நல்ல ரோடு, நல்ல பிரேக்னே வெச்சுக்குவோம். முன்னால ஒரு குழந்தை ஓடி வருது. கண்ணு பார்த்து, மூளைக்கு உறைச்சு, பிரேக்ல கால் வைக்க ஒரு வினாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்துல போனா, அந்த ஒரு வினாடியையும் சேர்த்து வண்டி சுமார் 20 மீட்டர்ல நின்னுடும். 60-ல போனா நிக்க 36 மீட்டருக்கு மேல வேணும். இன்னும் கொடுமை என்னன்னா, 40-ல போனவர் முழுசா நின்ன அந்த 20-வது மீட்டர்ல, 60-ல வந்தவரோட வண்டி இன்னும் 55 வேகத்துல ஓடிக்கிட்டிருக்கும். 20 கிலோமீட்டர் வேகம் கூடினதுக்கு, ஒருத்தர் குழந்தைக்கு முன்னாடி நிக்கிறார், இன்னொருத்தர் 55-ல மோதுறார். இது அரசியல் இல்ல, இயற்பியல். எந்தக் கட்சிக்காரன் வண்டியா இருந்தாலும் இதேதான்.

அந்த வேகத்தால மிச்சமாகிறது எவ்வளவு? 10 கிலோமீட்டர் தூரத்தை 50-ல போனா 12 நிமிஷம், 60-ல போனா 10 நிமிஷம். ரெண்டே ரெண்டு நிமிஷம்.

அதனால வேகத்துக்கு ஃபைன் வேணும், ஹெல்மெட்டுக்கு ஃபைன் வேணும். நம்ம கேள்வி வேற. ஃபைன் போடுற சட்டத்துலயே அதிகாரிகளுக்கும் கடமை எழுதியிருக்கு. அந்தப் பக்கத்தை யாராவது நமக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்களா? குறிச்சுக்கோங்க.

ஒண்ணு. கேமரா வெச்சு ஃபைன் போடுறதுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 167-ஏன்னு ஒரு விதி 2021-ல சேர்த்தாங்க. அந்தக் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்கணும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கேமரா இருக்கிற இடத்துக்கு முன்னாடியே எச்சரிக்கைப் பலகை கண்ணுக்குத் தெரியற மாதிரி வைக்கணும். குற்றம் நடந்த 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். இதெல்லாம் சலுகை இல்ல, விதி.

ரெண்டு. "பார்த்தாலே தெரியுது, நீ 80-ல வந்த"ன்னு ஒருத்தர் கண்ணால பார்த்துச் சொன்னா மட்டும் வேகக் குற்றத்துக்குத் தண்டனை கொடுக்க முடியாது. கருவியால அளந்த ஆதாரம் வேணும்னு 183-வது பிரிவு சொல்லுது.

மூணு. ரோட்டை மோசமாப் போட்டவனுக்கும் தண்டனை இருக்கு! 198-ஏ பிரிவு. ரோட்டோட வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புல பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காம, அதனால உயிர் போனாலோ ஊனம் ஆனாலோ, பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் போடலாம். ஹெல்மெட் ஃபைன் கட்டின ஆளுங்க இந்த அறையிலயே இருப்பீங்க. குழிக்காக ஒப்பந்தக்காரர் ஃபைன் கட்டினார்னு கேள்விப்பட்டவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. யாரும் தூக்கலை பாருங்க.

நாலு. சட்டத்தை அமல்படுத்துற அதிகாரியே விதியை மீறினா அவருக்கு ரெண்டு மடங்கு அபராதம். 210-பி பிரிவு. ஹெல்மெட் இல்லாம வர்ற காவலருக்கு 2,000 ரூபாய்.

இந்த நாலையும் தெரிஞ்சவன்தான் தைரியமாக் கேள்வி கேக்க முடியும். கேக்கும்போது மரியாதையாக் கேளுங்க. வெயில்ல மணிக்கணக்கா நிக்கிற கான்ஸ்டபிளும் தொழிலாளிதான். அவர்கிட்ட சட்டையைத் தூக்கிச் சண்டை போட்டு ரீல்ஸ் போடுறது போராட்டம் ஆகாது.

சரி, நாம என்ன கேக்கப்போறோம்? தொகையை மாத்தவே முடியாதுன்னு இல்ல. அந்த இடத்துலயே சமரசமா வசூலிக்கிற தொகையை மாநில அரசு நிர்ணயிக்கலாம்னு 200-வது பிரிவு சொல்லுது. 2019 செப்டம்பர்லயே குஜராத் அரசு ஹெல்மெட் ஃபைனை 500 ரூபாயாக் குறைச்சுது. அதனால நம்ம கோரிக்கை மூணு.

உயிருக்கு ஆபத்தான குற்றம் வேற, காகிதக் குறை வேற. குடி, வேகம், செல்போன் பேசிக்கிட்டே ஓட்டுறது, இதுல ஒரு ரூபாய் குறைக்க வேணாம். இன்சூரன்ஸ் ரெண்டு நாளைக்கு முன்னாடி முடிஞ்சுபோன ஆளுக்கு, புதுப்பிச்சுட்டு வந்து காட்ட ஒரு வாய்ப்பு கொடுங்க.

மொத்தமாக் கட்ட முடியாத தினக்கூலித் தொழிலாளிக்குத் தவணை கொடுங்க. ஃபைன் கட்டக் கந்துவட்டிக்கு வாங்குற நிலைமைக்கு யாரையும் தள்ளாதீங்க.

வசூலான பணத்துல எந்த ரோட்டுக்கு எவ்வளவு போச்சுன்னு ஊர் வாரியா வெளியிடுங்க. என் காசுல என் தெரு முனையில வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போட்டாங்கன்னு தெரிஞ்சா, ஃபைன் கட்டுறவனுக்கும் ஒரு சமாதானம் இருக்கும்.

இப்போ நம்ம பக்கம் வர்றேன். ஆரம்பத்துல சொன்ன அந்தப் போன். ஒரு நிர்வாகி போன் பண்ணி ஒரு வண்டியை விடுவிச்சா என்ன ஆகுது? அன்னைக்கு அந்த எஸ்.ஐ.யோட கணக்கு குறையாது. நம்ம ஆளுக்குப் பதிலா போன் பண்ண ஆள் இல்லாத ஒருத்தர் மாட்டுவார். அந்த டெலிவரி தம்பி, காய்கறி வண்டிக்காரர், சித்தாள் வேலைக்கு ரெண்டு பேரைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டுப் போற கொத்தனார். யாருக்காகக் கட்சி நடத்துறோம்னு மேடையில சொல்றோமோ, அவங்க தலையிலதான் அந்த ஃபைன் விடியும். அதனால இன்னையிலிருந்து நம்ம அணியில அந்தப் போன் கிடையாது. வாங்கின ஃபைனைக் கட்டுங்க. தப்பாப் போட்டிருந்தா சட்டப்படி எதிர்த்து நில்லுங்க. மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுங்க.

சொல்லிக்கொடுக்க வேண்டியது நிறைய இருக்கு. ஃபைன் இருக்கான்னு அரசோட இ-சலான் பரிவாகன் தளத்துல வண்டி நம்பர் போட்டுப் பார்க்கலாம். அதுல போட்டோ, இடம், நேரம் இருக்கான்னு பாருங்க. வேற வண்டியோட நம்பரா இருந்தா உடனே எழுத்துல புகார் கொடுங்க. லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் டிஜிலாக்கர்ல காட்டினாலே செல்லும், கையில காகிதம் வேணும்னு அவசியம் இல்ல. முக்கியமா, "உங்க வண்டிக்கு சலான் வந்திருக்கு"ன்னு வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் வந்தா தொடாதீங்க. அது மோசடி. தொட்டா போன்ல இருக்கிற ஓ.டி.பி., பேங்க் கணக்கு எல்லாம் போயிடும். ஆயிரம் ரூபாய் ஃபைனுக்குப் பயந்து அம்பதாயிரத்தை இழந்துடாதீங்க. உங்க வட்டத்துல வாரம் ஒரு நாள் சாயங்காலம், ஒரு மேஜை போட்டு, ஆட்டோ ஸ்டாண்டுல உக்காந்து இதைச் சொல்லிக்கொடுத்தா, அது நூறு மீம்ஸுக்குச் சமம்.

கடைசியா ஒண்ணு. அடுத்த மாசம் பைக் பேரணி இருக்கு. பேரணின்னா ஒரு வண்டியில மூணு பேர், தலையில துண்டு, கையில கொடின்னு ஒரு பழக்கம் எல்லாக் கட்சியிலயும் இருக்கு. கொடியைப் பார்த்து போலீஸ் வண்டியை நிறுத்தாம விடலாம். எதிர்ல வர்ற மணல் லாரிக்குக் கொடி தெரியாது. ஒரு வண்டிக்கு ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட். ஹெல்மெட் இல்லாதவங்களுக்குக் கொடி கிடையாது. கூட்டம் குறைஞ்சுபோச்சேன்னு யாராவது சொன்னா சொல்லட்டும். புறப்பட்ட அத்தனை பேரும் வீடு திரும்பின பேரணின்னு நாம பேர் வாங்குவோம்.

 

#கொடிக்கும்_அதே_ஃபைன் #ஹெல்மெட்_போடு_தோழா