கால் பெருவிரல் தரும் எச்சரிக்கை
(வடாலாவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும், இம்முறை நோய் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தனர். யான் மருத்துவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவன். எனினும், இந்நோயுடன் பல ஆண்டுகள் வாழ்ந்து வருபவன் என்ற முறையில், மருத்துவர்கள் சொல்லக் கேட்டவற்றையும் படித்து அறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கின்றேன்.

மூட்டில் வலி எதுவாயினும் 'வாதம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம் வழக்கம். அவற்றுள் 'கவுட்' என்பது தனி நோய். உயிரணுக்கள் சிதையும்போதும் உணவு செரிக்கும்போதும் நம் உடலில் யூரிக் அமிலம் உண்டாகின்றது. அதனைப் பெரும்பாலும் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. வெளியேற்றம் குறைந்தால் அது இரத்தத்தில் பெருகும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் என்ற அளவைக் கடந்தால், கரைந்து நிற்க மாட்டாமல் ஊசி போன்ற நுண்படிகங்களாக மூட்டுகளில் படியக்கூடும். 1961ஆம் ஆண்டில் மக்கார்ட்டி, ஹாலண்டர் என்னும் இரு மருத்துவர்கள், மூட்டு நீரில் அப்படிகங்களை உருப்பெருக்கியால் கண்டறியும் வழியைக் காட்டினர். இன்றும் நோயை ஐயமற உறுதி செய்யும் சோதனை அதுவே.

இந்நோய் வரும் விதம் தனியானது. இரவில் நலமாகப் படுத்தவர் நள்ளிரவிலோ விடியலிலோ வலி தாங்காமல் விழித்தெழுவார். பலருக்கு முதலில் தாக்கப்படுவது கால் பெருவிரலின் அடிமூட்டு. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகியவற்றிலும் வரலாம். மூட்டு சிவந்து, வீங்கி, தோல் பளபளத்துச் சுடும். மேலே போர்வை பட்டாலும் பொறுக்க இயலாது. ஒரு நாளுக்குள் வலி உச்சத்தை அடையும். ஒன்றிரண்டு வாரங்களில் தானே தணிந்துவிடும்.

தானே தணிவதுதான் இந்நோயின் வஞ்சகம். நம் காலனியில் ஓர் அன்பர் இருக்கின்றார். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வலி வரும். "ஒரு நாள் லீவு வீணாகுமே" என்று மருத்துவரிடம் செல்லாமல், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார். ஆறாம் ஆண்டில் விரல் மூட்டுகளில் சுண்ணாம்பு போன்ற முடிச்சுகள் தோன்றின. இரத்தச் சோதனையில் சிறுநீரகமும் பழுதுற்றிருக்கக் கண்டனர். வலி ஒவ்வொரு முறையும் நின்றது. நோய் ஒருநாளும் நிற்கவில்லை.

ஆகவே, எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதைக் கூறுகின்றேன்; வீட்டிலுள்ள மகளிர் இதனைச் சிறப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

முதன்முறையாக இத்தகைய வலி வந்தால், தணியும் வரை காத்திராமல் ஓரிரு நாட்களுக்குள் செல்க. மூட்டு வீக்கத்துடன் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருப்பின், அன்றைக்கே, இரவாயினும் செல்க. அது கவுட்டாக இல்லாமல், மூட்டில் சீழ் பிடிக்கும் கிருமித் தொற்றாக இருக்கலாம். அது சில நாட்களிலேயே மூட்டை அழிக்கும். உயிருக்கும் ஊறு செய்யும். முன்பே கவுட் உள்ளவர்களுக்கும் அத்தொற்று வரலாம் என்பதை மறவாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள், காலில் புண் உள்ளவர்கள், கீழே விழுந்து அடிபட்டவர்கள் தாமதித்தல் ஆகாது. மருந்து உண்டும் இரண்டு மூன்று நாட்களில் வலி குறையாவிடினும், பல மூட்டுகள் ஒருங்கே வீங்கினாலும் மீண்டும் செல்க. சிறுநீரக நோய், இதய நோய், குடற்புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும் கடை மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

செல்லும் இடத்திற்கு நமக்குக் குறைவில்லை. ரயில்வே குடும்பத்தினர்க்கு பைகுல்லாவில் ரயில்வே மருத்துவமனை உண்டு. ஏனையோர்க்கு அருகிலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனையும், பரேலில் 1926 முதல் இயங்கும் கே.இ.எம். மருத்துவமனையும் உள்ளன. ஒன்றை நினைவில் வைக்க: வலியின்போது எடுக்கும் இரத்தச் சோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பதுபோலத் தோன்றலாம். வலி தணிந்து இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பதே தெளிவு தரும்.

மருத்துவரைக் காணும் வரை காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொள்க. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்க. தைலம் தேய்த்து அழுத்திப் பிடிப்பது துன்பத்தையே மிகுக்கும்.

இந்நோய்க்குத் தரப்படும் பழைய மருந்துகளுள் ஒன்று கோல்ச்சிசின். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்கும் செங்காந்தளில் அப்பொருள் உண்டு. அதன் விதைக்காகவே தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் அதனைப் பயிரிடுகின்றனர். இதைக் கேட்டுவிட்டு, ஊருக்குப் போகும்போது அக்கிழங்கைத் தோண்டி அரைத்து உண்ண எவரும் எண்ணற்க! அது கொடிய நஞ்சு. உண்டு மாண்டோர் பலர். மாத்திரையையும் மருத்துவர் குறித்த அளவில் மட்டுமே உண்ண வேண்டும்.

மீண்டும் மீண்டும் வலி வருவோர்க்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோப்யூரினால் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். 1988ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களுள் இருவரான எலியன் அம்மையாரும் ஹிட்ச்சிங்ஸும் உருவாக்கிய மருந்து அது. யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருந்தால் படிகங்கள் மெல்லக் கரையும். தொடக்க மாதங்களில் வலி வரக்கூடும். அதற்கு அஞ்சித் தாமாக நிறுத்தலாகாது. ஆனால் உடலில் தடிப்போ சொறியோ தோன்றினால் மாத்திரையை உடனே நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

உணவு பற்றி ஒரு சொல். ஈரல், நெத்திலி, மத்தி, இறால், மது, சிறப்பாக பீர், சர்க்கரை மிகுந்த குளிர்பானங்கள் ஆகியவற்றைக் குறைக்க. சாம்பாரையும் பருப்பையும் அஞ்சி விலக்கத் தேவையில்லை, மோர் நல்லது. கடும் பட்டினி வலியைத் தூண்டும். ஆனால் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே பெரும்பாலோர்க்குப் போதாது. இது குடி வெறியர்க்கு வரும் நோய் என்று எண்ணி எவரையும் இகழவும் வேண்டாம். பிறவிக் கூறும் சிறுநீரகத்தின் இயல்புமே பலர்க்குக் காரணம்.

அன்பர்களே, பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம் கால்கள் நடந்தால்தான் இங்கு அடுப்பு எரியும். ஒரு நாள் லீவைக் காப்பதற்காக அக்கால்களை இழத்தல் கூடாது.