ஓநாய் சொன்ன கதை

மூன்று பன்றிக்குட்டிகள் கதை நமக்கெல்லாம் தெரியும். ஓநாய் ஊதி ஊதியே வைக்கோல் வீட்டையும் குச்சி வீட்டையும் சாய்த்துவிடும். செங்கல் வீட்டிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்காது.

இந்தக் கதையை 1989-ல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஷெஸ்கா அந்த ஓநாயையே சொல்லவைத்தார். பாட்டியின் பிறந்தநாள் கேக்குக்குச் சர்க்கரை கடன் கேட்கப் போனதாம். போன இடத்தில் ஜலதோஷத்தால் ஒரு தும்மல். வீடு விழுந்துவிட்டதாம்!

வீடு விழுந்தது மாறவில்லை. சொல்கிற ஆள் மாறினார். 'ஊதினேன்' என்பது 'தும்மினேன்' ஆனது. குற்றம் விபத்தாகிவிட்டது. நம்பலாமா, கூடாதா என்று குழந்தை யோசிக்க ஆரம்பிக்கிறது. எழுத்தாளரின் வித்தை பிடிபடுவது அந்த இடத்தில்தான்.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். பாட்டி வடை சுட்ட கதையைக் காக்கா சொல்வதுபோல் ஒரு பிள்ளை சொல்லட்டும். இன்னொரு பிள்ளை நரியாகட்டும். காக்கா, 'ஏமாந்துட்டேன்' என்று அழும். நரி, 'பாட்டுதானே கேட்டேன், வடையா கேட்டேன்?' என்னும்.

கடைசியாகப் பாட்டியைக் கேளுங்கள். அவர் கதையில் ரெண்டு பேருமே திருடர்கள்தான்!