இல்லாத நூலின் வரலாறு

மாணவப் பருவத்தில் நான் செய்த ஒரு பேதைமையைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். கல்லூரி நூலகத்தில், நூற்பட்டி அட்டைகள் அடுக்கியிருந்த இழுப்பறைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஒரு நூலைத் தேடினேன். 'நெக்ரொனாமிகான்' என்பது அதன் பெயர். நூல் அகப்படவில்லை. அகப்படாததனாலேயே அது கிடைத்தற்கரிய நூல் என்ற எண்ணம் எனக்கு வலுத்தது. உண்மையில் அப்படியொரு பழைய நூல் எழுதப்படவே இல்லை.

அதைக் கற்பித்தவர் ஹோவர்ட் பிலிப்ஸ் லவ்கிராப்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர். 1890-ஆம் ஆண்டு பிராவிடன்ஸ் நகரில் பிறந்து, 1937-இல் அந்நகரிலேயே, 46-ஆம் வயதில் மறைந்தவர். 'வியர்ட் டேல்ஸ்' முதலிய பத்திரிகைகளில் திகிற்கதைகள் எழுதி, வறுமையில் காலங்கழித்தவர். பேய் பிசாசுகளிலோ மாந்திரீகத்திலோ அவருக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. அவர் முழுமையான பொருள்முதல்வாதி.

அந்த நூலின் ஆசிரியனாக அவர் படைத்தவன் அப்துல் அல்ஹஸ்ரெட் என்ற பித்தன். அராபிய இரவுக் கதைகளில் மயங்கியிருந்த சிறு பிராயத்தில் லவ்கிராப்ட் விளையாட்டாகப் பூண்டிருந்த பெயர் அது! அரபு மொழி அறிந்தவர்கள் கேட்டால் நகைப்பார்கள். 'அப்துல்' என்பதிலேயே அடங்கிவிட்ட 'அல்' என்னும் சொல் மறுபடியும் வருகிறது. அம்மொழியில் பெயர்கள் அவ்வாறு அமைவதில்லை.

பின் ஏன் நம்பினோம்? 1927-இல் அவர் அந்நூலுக்கு ஒரு சுருக்கமான வரலாறே எழுதிவைத்தார். டமாஸ்கஸ் நகரில் கி.பி. 730-ஐ ஒட்டி எழுதப்பட்டதாம். 950-இல் கிரேக்கத்திலும் 1228-இல் இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டதாம். 1232-இல் போப்பாண்டவர் தடை விதித்தாராம். இலத்தீனில் பெயர்த்தவராகச் சொல்லப்படும் ஓலாஸ் வார்மியஸ் மெய்யாகவே வாழ்ந்த டென்மார்க் அறிஞர். ஆனால் அவர் வாழ்ந்தது 17-ஆம் நூற்றாண்டில்! பிரதிகள் பிரிட்டிஷ் மியூசியத்திலும், பாரிஸ் தேசிய நூலகத்திலும், ஹார்வர்டிலும், மிஸ்கடானிக் பல்கலைக்கழகத்திலும் உள்ளன என்றார். முதல் மூன்றும் மெய். நான்காவது அவருடைய கற்பனை. மூன்று மெய்களுக்கு நடுவே நிற்கும் பொய்யை யார் சந்தேகிப்பார்கள்?

இதற்கு நண்பர்களும் துணை நின்றார்கள். கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், ராபர்ட் ஹோவர்ட், ராபர்ட் பிளாக் ஆகியோர் தத்தம் பங்குக்குச் சில நூல்களைப் புனைந்தார்கள். ஒருவர் படைத்த நூலை மற்றவர் தம் கதையில் எடுத்தாண்டார். பல சாட்சிகள் ஒன்றையே சொல்வதாக வாசகருக்குத் தோன்றியது. உண்மையில் அது ஒரே திண்ணையில் அமர்ந்த நண்பர்களின் விளையாட்டு.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதியவர்களுக்கு லவ்கிராப்ட் ஒளிவுமறைவின்றி, அது தம் கற்பனையே என்று பதில் எழுதினார். நூலகங்களில் அதைத் தேடிப் பொழுதை இழந்தவர்களைப் பற்றிக் கேள்வியுறும்போது தம் மனம் உறுத்துவதாகவும் எழுதினார். அந்த உறுத்தலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

அவர் மறைந்து 40 ஆண்டுகள் சென்றபின், 1977-இல், 'சைமன்' என்ற புனைபெயரோடு ஒருவர் நியூயார்க்கில் அதே பெயருள்ள நூலொன்றை வெளியிட்டார். பழைய சுமேரியத் தெய்வப் பெயர்களைக் கலந்து, மெய்யான மந்திர நூல் என்ற கோலத்தில் அது வந்தது. மலிவுப் பதிப்பும் வெளியாகி நன்றாக விற்றது. கற்பனை என்று ஆசிரியரே சொல்லிவிட்டாரே என்றால், 'உண்மையை மறைக்கவே அப்படிச் சொன்னார்' என்று வாதிப்பவர்களும் உண்டு. மறுப்பையே சான்றாகக் கொள்பவரிடம் என்ன சொல்வது?

ஆண்டு, இடம், மொழிபெயர்ப்பாளர் பெயர், நூலகத்தின் பெயர் ஆகியவற்றைக் கொண்டே வரலாற்றை நம்புகிறோம். அவற்றைக் கொண்டே பொய்யையும் கட்டலாம் என்று லவ்கிராப்ட் காட்டிவிட்டார். கதை சொல்பவன் வேறு, ஏமாற்றுபவன் வேறு. கதை முடிந்தபின் 'இது மெய்தானா?' என்று கேட்டுப் பாருங்கள். கதை சொல்பவன் சிரித்துக்கொண்டே, 'இல்லை' என்பான். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.