ஊர்ப் பெயரும் நம் மானமும்

(ஆவுடையார்கோவில் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இவ்வூருக்கு வருகிறவர்கள் கோயிலையும் அதன் கல் கொடுங்கையையும் புகழ்ந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். நாம் இன்று இவ்வூரின் பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஒரு பெயருக்காக ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். முடிவில் சிரிப்பு வருகிறதா, வெட்கம் வருகிறதா என்று பாருங்கள்.

இவ்வூரின் பழைய பெயர் திருப்பெருந்துறை. 'திரு' என்பது மரியாதைக்கு ஒட்டியது. அதை எடுத்துவிட்டால் நிற்பது பெருந்துறை. துறை என்றால் ஆற்றிலோ கடலிலோ ஜனங்கள் இறங்கி ஏறுகிற இடம். பக்கத்தில் வெள்ளாறு ஓடுகிறது. மீமிசல் கடற்கரையும் வெகு தூரமில்லை.

மாணிக்கவாசகர் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். குதிரை வாங்கப் பாண்டியன் மந்திரியை இங்கே அனுப்பினானாம், நரிகள் குதிரைகளாயினவாம். நரி குதிரையானது புளுகு. ஆனால் பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியது உண்மை. 13-ம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ அந்த வியாபாரத்தை எழுதி வைத்திருக்கிறார். ஆகவே, கதை கட்டினவனுக்கும் துறையும் குதிரையும் வேண்டியிருந்தன. நரியை மட்டுந்தான் அவன் தன் கைச்சரக்காகச் சேர்த்தான்!

பிறகு பெருந்துறை போய் ஆவுடையார்கோவில் வந்தது. இக்கோயில் மூலஸ்தானத்தில் லிங்கங்கூட இல்லை; ஆவுடையார் என்னும் பீடந்தான் உண்டு. தோணி தள்ளினவனும் மூட்டை சுமந்தவனும் புழங்கிய துறையின் பெயர் மறைந்து, ஒரு பீடத்தின் பெயர் ஊருக்கே விலாசமாகிவிட்டது.

இது இவ்வூரோடு நிற்கவில்லை. முதுகுன்றம் விருத்தாசலமாயிற்று. மறைக்காடு வேதாரணியமாயிற்று. மரை என்னும் மான் திரிந்த காடுதான் மரைக்காடு. அதுவே மறைக்காடாயிற்று என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. பெயரை மாற்றினால் போதுமா? வேதங்களே நேரில் வந்து பூசை செய்து கதவைச் சாத்திவிட்டுப் போயின என்று ஸ்தலபுராணமும் வேண்டுமே!

நம் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். ஏந்தல் என்று முடியும் ஊர் எத்தனை! வயல் என்று முடியும் ஊர் எத்தனை! ஏந்தல் என்றால் மழைத் தண்ணீரைத் தேக்கும் சிறு குளம். கடலோரம் போனால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். குளம் வெட்டினவன், உழுதவன், வலை வீசினவன், இவர்களுடைய சரித்திரம் இந்தப் பெயர்களில்தான் இருக்கிறது. 1946-ல் 'ஊரும் பேரும்' எழுதிய ரா. பி. சேதுப்பிள்ளை பக்தர், கம்பராமாயண விஷயத்தில் 1943-ல் அண்ணாதுரையை எதிர்த்து வாதாடியவர். அவரே நிலத்தையும் காட்டையும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் தலங்களுக்கு வந்தார்.

ஆனால், தோழர்களே, அந்தக் குளத்தை வெட்டினவன் குடியிருக்கும் இடத்திற்கு மட்டும் நாம் வைத்த பெயர் என்ன? முதலில் சேரி, பிறகு காலனி. காலனி என்றால் வெறும் குடியிருப்பு என்றுதான் அர்த்தம். ஆனால் ஒரு பையன் வேலை கேட்டுப் போய், விலாசத்தில் அந்தச் சொல்லை எழுதினால், எதிரே இருப்பவன் ஜாதியைத் தெரிந்து கொள்ளுகிறான். நெற்றியில் பச்சை குத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அச்சொல்லை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி சட்டசபையில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் பதிவேட்டில் அடித்தது நம் வாயிலிருந்தும் போக வேண்டாமா?

வழங்கி வந்த பெயரை மாற்றலாமா என்று வைதிகர்கள் கேட்பார்கள். பெருந்துறையையும் முதுகுன்றத்தையும் மாற்றும்போது இந்தக் கேள்வி எங்கே போயிற்று? மாயூரம் 1982-ல் மறுபடி மயிலாடுதுறையானது. ஊர் ஒன்றும் இடிந்து விழவில்லையே!

ஆகவே, நீங்கள் வீட்டுக்குப் போனதும் உங்கள் ஊருக்கும் தெருவுக்கும் யார் பெயர் வைத்தார்கள், அதனால் யாருக்குப் பெருமை, யாருக்கு இழிவு என்று யோசியுங்கள். நாம் சொன்னதற்காக நம்ப வேண்டாம். யோசித்துச் சரியென்று பட்டால், நாளைக் காலையிலிருந்து அந்த இழிவுப் பெயரைச் சொல்லாதிருங்கள். அதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை.