கடைசி நிறுத்தம்

எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு துருவப் பயணக் கதைகள் என்றால் உயிர். 1911 டிசம்பர் 14-இல் அமுண்ட்சென் தென் துருவத்தைத் தொட்டார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். குடியிருப்பது பெரம்பூரில்.

"தினமும் 29சி-யில போறீங்களே, அது கடைசியா எங்க போய் நிக்கும்?" என்றேன்.

முழித்தார். "நான்தான் மயிலாப்பூர்லயே இறங்கிடுவேனே!"

ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கையில் புத்தகம் இல்லாமல் ஏறினார். மயிலாப்பூர் வந்தது, இறங்கவில்லை. அடையாறு தாண்டி, பெசன்ட் நகரில் வண்டி நின்றது. காற்று வந்த பக்கமாக நடந்தார். கடல்! மணலில் ஒரு வெள்ளை வளைவு. எத்தனையோ சினிமாவில் பார்த்ததுதான். கிட்டப் போய் அங்கிருந்த கல்வெட்டைப் படித்தார். ஷ்மிட் என்பவருடைய நினைவுச் சின்னம். டென்மார்க் நாட்டுக்காரர். 1930 டிசம்பர் 30-இல், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய், தான் மூழ்கிப்போனவர்.

"சார், நான் அண்டார்டிகாவுல தேடின ஆளு நம்ம பஸ் ரூட்லயே இருந்திருக்கார்!" என்று மறுநாள் காலையிலேயே போன் செய்தார்.

இன்றைக்கு நீங்களும் உங்கள் நிறுத்தத்தைத் தாண்டி ஒரு இரண்டு நிறுத்தம் போய் இறங்கிப் பாருங்களேன். திரும்பி வர சில்லறை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.