பதினாறாவது பாதி



ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போனவர்களுக்கு டைட்டன் கைக்கடிகார ஆலை தெரிந்திருக்கும். 1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. குவார்ட்ஸ் கைக்கடிகாரம் எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு சிறு படிகம் இருக்கும். மின்சாரம் பட்டதும், பெரும்பாலான கடிகாரங்களில், அது நொடிக்கு 32,768 முறை அதிரும்.

அதென்ன 32,768? 30,000 என்று முழுசாக வைத்திருக்கக் கூடாதா? பாதி பாதியாக்கிப் பாருங்கள். 16,384, பிறகு 8,192, பிறகு 4,096... பதினைந்தாவது முறை மிகச் சரியாக 1 வரும். நொடிக்கு ஒரு துடிப்பு. முள்ளை நகர்த்துவது அதுதான். 30,000-ஐ எடுத்தால் நான்கு முறையில் 1,875 ஆகிவிடும். ஐந்தாவது முறை 937.5. பாதியாக்க மட்டுமே தெரிந்த சின்ன மின்சுற்றுக்கு இது உதவாது.

ஆனால் 32,768-க்கும் பதினாறாவது பாதி அரைதான். இயல் எண்களைக் கூட்டலாம், பெருக்கலாம். விடையும் இயல் எண்ணாகவே இருக்கும். வகுக்கத் தொடங்கினால் அந்த உறுதி போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் அடைவுப் பண்பு என்று படிக்கிறோமே, அது இந்த உறுதிதான். ஒரு கணத்திலிருந்து எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் விடை அதே கணத்துக்குள் இருக்க வேண்டும். நூறு கணக்கு சரியாக வந்து ஒன்று தவறினாலும் பண்பு இல்லை. இதை வெறும் வரையறையாகப் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. எங்கே தவறுகிறது என்று அவர்களையே தேடவிட வேண்டும்.

வகுத்தலுக்காகப் பின்னங்களையும் சேர்த்துக்கொண்டால், அதாவது விகிதமுறு எண்கள் வரை போனால், போதுமா? ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் ஒரு லேத் பட்டறைக்குப் போவோம். உருண்டைக் கம்பியின் முனையில் 10 மில்லிமீட்டர் சதுரம் எடுக்க வேண்டும். கம்பியின் விட்டம் குறைந்தது அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம் அளவு வேண்டும். அது 10 பெருக்கல் இரண்டின் வர்க்கமூலம்: 14.142 என்று தொடங்கி முடிவில்லாமல், ஒரே வரிசையாகத் திரும்பவும் வராமல் நீளும் விகிதமுறா எண். டர்னர் அதைவிடச் சற்றுப் பெரிய கம்பியாக எடுத்துக்கொள்வார்.

விகிதமுறா எண்களுக்குள்ளேயே இருந்துவிடலாமா? முடியாது. இரண்டின் வர்க்கமூலத்தை அதனாலேயே பெருக்கினால் 2 வந்து நிற்கும். விகிதமுறு எண்கள், விகிதமுறா எண்கள் இரண்டையும் சேர்த்து மெய்யெண்கள் என்று கொண்டால்தான் நிம்மதி. கூட்டல், கழித்தல், பெருக்கல் எதுவும் நம்மை வெளியே தள்ளாது. வகுத்தலில் பூச்சியத்தால் வகுப்பது மட்டும் விலக்கு.

குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் மெய்யெண்களும் போதாது. அதற்குக் கலப்பெண்கள் வேண்டும். இதே ஆலைகளில் ஓடும் மாறுமின்சார மோட்டார்களைக் கணக்கிட, மின் பொறியியல் மாணவர்கள் கற்றுக்கொள்வது அந்த எண்களைத்தான்.